ஷிப்ட் வேலையும் கான்டாக்ட் லென்ஸும்: கழற்றுவது, கழுவுவது, காப்பது

லென்ஸ் வாங்கிய கடையில் பத்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பாடம் தனிக் குளியலறையும் ராத்திரித் தூக்கமும் உள்ளவருக்குச் சரி. குருபரப்பள்ளி சிப்காட்டிலோ சூளகிரி, ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளிலோ வேலை பார்த்துக்கொண்டு, விடுதி அறையில் நாலைந்து பேரோடு தங்கியிருப்பவருக்கு நிலைமை வேறு. எல்லாருக்கும் ஒரே வாஷ்பேசின். மாடியில் ஒரு சிண்டெக்ஸ் தொட்டி. ஒரு வாரம் காலை ஏ ஷிப்ட், அடுத்த வாரம் ராத்திரி சி ஷிப்ட். மிச்சத் தூக்கம் கம்பெனி பஸ்ஸில். இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: லென்ஸிலும் லென்ஸ் டப்பாவிலும் தண்ணீர் படக் கூடாது. எந்தத் தண்ணீரும்.

தண்ணீர் ஏன் ஆகாது

சாஃப்ட் லென்ஸ் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருளால் ஆனது. நல்ல தண்ணீரில் போட்டால் அது ஊதி, வடிவம் மாறி, கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது கருவிழியின் மேல்தோல் உரியும். தண்ணீரில் இருக்கும் கிருமி நுழைய அந்தக் கீறல் போதும்.

அந்தக் கிருமிகளில் மோசமானது அகாந்தமீபா. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் நீச்சல் குளத்திலும் சாதாரணமாக வாழ்வது. சூழ்நிலை சரியில்லை என்றால் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு உள்ளே அடங்கிவிடும். குடிநீரில் போடும் அளவு குளோரின் அந்தக் கூட்டை ஒன்றும் செய்யாது. இது கருவிழியில் புகுந்தால் வலி தாங்க முடியாது, மாதக்கணக்கில் மருந்து விட வேண்டும், சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை போகும்.

விடுதிகளில் அடிக்கடி எழும் கேள்வி: "அக்கா, சொல்யூஷன் தீந்துபோச்சு. ஒரு ராத்திரி மட்டும் தண்ணியில போட்டு வெச்சா என்ன ஆயிடும்?" ஒரு ராத்திரி போதும் என்பதுதான் பதில். போர் தண்ணீர், லாரித் தண்ணீர், ஒகேனக்கல் குடிநீர், 20 லிட்டர் கேன் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எதுவும் விலக்கல்ல. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் திட்டமே வந்தது. அது நல்ல குடிநீர். குடிப்பதற்கு நல்லது என்பதால் கண்ணுக்குள் வைக்கும் பொருளைக் கழுவவும் நல்லது என்று ஆகாது. வீட்டில் உப்புக் கரைத்துச் செய்யும் சலைனும் அப்படித்தான்.

சொல்யூஷன் தீர்ந்துவிட்டால் லென்ஸைக் கழற்றிக் குப்பையில் போடுங்கள். ஒரு ஜோடி லென்ஸின் விலை ஒரு கண்ணுக்கு ஈடாகாது.

வாங்கும் முன்பு: எந்த வகை

தினமும் தூக்கி எறிவது, இரண்டு வாரத்துக்கு வருவது, ஒரு மாதத்துக்கு வருவது, ஆண்டுக்கணக்கில் வருவது என்று சாஃப்ட் லென்ஸில் பல வகை உண்டு. ஷிப்ட் மாறும் வேலை, பொதுக் குளியலறை, வாரத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் லென்ஸ் என்றால் தினசரி லென்ஸ்தான் என் பரிந்துரை. ஒன்றின் விலையைப் பார்த்துத் தயங்குவீர்கள். ஆனால் சொல்யூஷன், டப்பா, கழுவும் வேலை எல்லாம் அதில் மிச்சம். அழுக்குச் சேரவும் இடமில்லை. ஒரு நிபந்தனை: தினசரி லென்ஸைக் கழுவி மறுநாளும் போடக் கூடாது. கழுவித் தாங்கும்படி அதைச் செய்வதில்லை.

மாத லென்ஸின் 30 நாள் கணக்கு பொட்டலம் திறந்த நாளிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் பத்து நாள்தான் போட்டீர்கள் என்பதற்காக அது மூன்று மாதம் வராது. திறந்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

எந்த வகையானாலும் கண் மருத்துவரோ ஆப்டோமெட்ரிஸ்டோ கண்ணை அளந்து கொடுத்த லென்ஸையே போடுங்கள். கண்ணாடிக்கான சீட்டை வைத்து லென்ஸ் வாங்க முடியாது. கருவிழியின் வளைவையும் அளக்க வேண்டும். கூடவே நல்ல பவரில் ஒரு கண்ணாடியும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இல்லாதவர்தான் கண் சிவந்த பிறகும் "இன்னைக்கு ஒரு ஷிப்ட் மட்டும்" என்று லென்ஸ் போடுவார்.

அறையில் இருக்க வேண்டியவை

1. உங்கள் லென்ஸுக்குப் பரிந்துரைத்த மல்டிபர்பஸ் சொல்யூஷன். வெறும் சலைன் அலசத்தான் உதவும், கிருமியைக் கொல்லாது. கண்ணில் விடும் ஈரப்பதச் சொட்டும் கிருமியைக் கொல்லாது.
2. லென்ஸ் டப்பா, மாற்று டப்பாவோடு.
3. எண்ணெயோ க்ரீமோ வாசனையோ அதிகம் சேராத சாதாரண சோப்பு.
4. நூல் பிரியாத தனித் துண்டு, அல்லது டிஷ்யூ. அறையில் எல்லோரும் துடைக்கும் துண்டு வேண்டாம்.
5. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று. பாத்ரூம் கண்ணாடி முன் நின்று லென்ஸ் போடாமலிருக்க இது உதவும்.
6. மார்க்கர் பேனா. எதற்கு என்று பின்னால் வருகிறது.

இவை எல்லாவற்றையும் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து அலமாரியில் வையுங்கள். குளியலறைத் தட்டில் வைத்தால் ஈரமும் கழிப்பறைக் கிருமியும் டப்பாவில் சேரும்.

கழற்றிக் கழுவும் முறை

ஏ ஷிப்ட் என்றால் இதை ராத்திரியிலும், சி ஷிப்ட் என்றால் காலையில் அறைக்கு வந்ததும் செய்யுங்கள். படுக்கையில் சாய்ந்து போனைப் பார்த்தபடி "கொஞ்ச நேரம் கழித்து" என்று தள்ளிப்போட்டால் அப்படியே தூங்கிவிடுவீர்கள். செருப்பைக் கழற்றியதும் லென்ஸைக் கழற்றுங்கள்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரல் நுனி, நகக்கண் எல்லாம்.
2. கையை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். பலர் தாண்டிப்போகும் படி இது. ஈரக் கையால் லென்ஸைத் தொட்டால் குழாய்த் தண்ணீரில் முக்கியதற்குச் சமம்.
3. டப்பாவைத் திறந்து, இரண்டு குழியிலும் புதுச் சொல்யூஷன் ஊற்றி வையுங்கள்.
4. எப்போதும் வலக் கண்ணில் தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் அதே வரிசை என்றால் வலம் இடம் மாறாது.
5. மேலே பார்த்தபடி, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, லென்ஸை விரல் நுனியால் கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு நகர்த்தி, இரண்டு விரலின் சதைப்பகுதியால் மெல்லக் கிள்ளி எடுங்கள். நகம் படக் கூடாது.
6. லென்ஸை உள்ளங்கையில் வையுங்கள். சில சொட்டுச் சொல்யூஷன் விட்டு, ஆட்காட்டி விரலால் ஒரே திசையில், நடுவிலிருந்து ஓரத்துக்கு, 20 விநாடி தேயுங்கள். பிறகு புரட்டி மறுபக்கமும் அப்படியே.
7. இரண்டு பக்கமும் சொல்யூஷனைப் பீய்ச்சி அலசுங்கள். தேய்த்தது அழுக்கைப் பெயர்க்கும். இந்த அலசல்தான் அதை வெளியேற்றும்.
8. டப்பாவில் லென்ஸ் முழுதும் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். ஓரம் மூடியில் சிக்கினால் கிழியும்.
9. இடக் கண்ணுக்கு இதையே செய்யுங்கள்.
10. புட்டியில் எழுதியுள்ள நேரம் ஊற விடுங்கள். பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரம். டபுள் ஷிப்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று இரண்டு மணி நேரத்தில் எடுத்துப் போடாதீர்கள், அன்றைக்குக் கண்ணாடி.

"தேய்க்கவே வேண்டாம்" என்று சில புட்டிகளில் எழுதியிருக்கும். இருந்தாலும் தேயுங்கள். நாள் முழுக்கக் கண்ணீரின் புரதமும் கொழுப்பும் லென்ஸில் படிந்திருக்கும். மருந்து அந்தப் படிவுக்கு அடியில் போவது சிரமம். விரல் பட்டால்தான் அது போகும்.

குறிப்பு: ஒரு ஜோடி லென்ஸைத் தேய்த்து, அலசி, ஊறவைத்து, காலையில் டப்பாவையும் அலச ஒரு நாளைக்குச் சுமார் 10 மி.லி. சொல்யூஷன் ஆகும். தினமும் லென்ஸ் போடும் ஒருவருக்கு 120 மி.லி. புட்டி இரண்டு வாரம்கூட வராது. உங்களுக்கு அது இரண்டு மாதம் வருகிறது என்றால் எங்கோ ஒரு படியைத் தாண்டுகிறீர்கள். பெரும்பாலும் அடுத்து வரும் தப்பைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

பழையதன் மேல் புதியதை ஊற்றாதீர்கள்

காலையில் லென்ஸை எடுத்த பிறகு டப்பாவில் இருக்கும் சொல்யூஷனைக் கொட்டாமல், ராத்திரி அதன் மேலேயே கொஞ்சம் சேர்த்து ஊற்றுவது. சிக்கனம் என்று நினைத்துச் செய்வார்கள். நேற்றைய கிருமிகளோடு சண்டை போட்டுச் சக்தி தீர்ந்த மருந்து அது. புதியதன் வீரியத்தையும் அது குறைத்துவிடும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் அகாந்தமீபா நோயாளிகள் கூடத் தொடங்கியதால் 2007 மே மாதம் அட்வான்ஸ்டு மெடிக்கல் ஆப்டிக்ஸ் நிறுவனம் தன் கம்ப்ளீட் மாய்ஸ்சர் பிளஸ் சொல்யூஷனைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்டவர்களையும் பாதிக்கப்படாதவர்களையும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தச் சொல்யூஷனோடு, பழையதன் மேல் புதியதை ஊற்றும் பழக்கமும் தனி ஆபத்தாகத் தெரிந்தது. எந்தப் பிராண்டானாலும் இந்தப் பழக்கம் ஆகாது.

சொல்யூஷனைப் பெரிய புட்டியிலிருந்து சின்னப் புட்டிக்கு மாற்றிக் கம்பெனிப் பையில் எடுத்துப்போவதும் வேண்டாம். மாற்றும்போதே கிருமி சேரும். பயணத்துக்கென்று சின்னப் புட்டியாகவே விற்கிறார்கள். புட்டியின் மூக்கு கையிலோ டப்பாவிலோ படக் கூடாது. திறந்த தேதியை மார்க்கரால் புட்டியின் மேல் எழுதுங்கள்; லேபிளில் சொன்ன காலம், பெரும்பாலும் 90 நாள், முடிந்ததும் மிச்சம் இருந்தாலும் கொட்டிவிடுங்கள். பைக் டிக்கியில் வைக்காதீர்கள். கிருஷ்ணகிரி வெயிலில் அதன் உள்ளே கை வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

டப்பா

லென்ஸைத் தேய்ப்பவர்கள்கூட டப்பாவை மறந்துவிடுகிறார்கள். உங்கள் டப்பாவின் குழிக்குள் விரலை விட்டு ஓரத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருக்கிறதா? அது சொல்யூஷனின் வழுவழுப்பு அல்ல. பாக்டீரியா தனக்கென்று கட்டிக்கொண்ட படலம். அதற்குள் இருக்கும் கிருமியைச் சொல்யூஷனால் எளிதில் நெருங்க முடியாது. அந்தப் படலம்தான் ஒவ்வொரு ராத்திரியும் உங்கள் லென்ஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

1. லென்ஸை எடுத்ததும் டப்பாவில் உள்ளதைக் கொட்டுங்கள்.
2. சுத்தமான விரலால் குழிகளையும் மூடிகளையும் சொல்யூஷன் விட்டுத் தேயுங்கள். குழாயில் காட்ட வேண்டாம்.
3. சொல்யூஷனால் அலசி, புது டிஷ்யூவால் துடையுங்கள்.
4. மூடிகளைத் திறந்து, டப்பாவையும் மூடிகளையும் டிஷ்யூ மேல் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் படலம் மறுபடி வளரும்.
5. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டப்பாவைத் தூக்கி எறிந்து புதியது எடுங்கள். எடுத்த தேதியை அடியில் மார்க்கரால் எழுதுங்கள்.

வெந்நீரில் போட்டு எடுத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று டப்பாவை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. புது டப்பா பல சொல்யூஷன் புட்டிகளோடு இலவசமாகவே வருகிறது. அதை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

போடுவது

கை கழுவி உலர்த்துவது முன்போலவே. கம்பெனியில் சானிடைசர் போட்ட கையால் லென்ஸைத் தொடாதீர்கள், ஆல்கஹால் கண்ணை எரிக்கும்.

லென்ஸை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள். ஓரம் நேராக மேலே நின்று கிண்ணம் போல இருந்தால் சரி. ஓரம் வெளியே விரிந்து சாய்ந்திருந்தால் லென்ஸ் திரும்பியிருக்கிறது. சொல்யூஷனால் அலசித் திருப்புங்கள். கிழிசல், நூல், தூசி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். கிழிந்த லென்ஸைப் போடாதீர்கள்.

கை தவறித் தரையில் விழுந்த லென்ஸைச் சொல்யூஷனால் அலசி உடனே போடக் கூடாது. தேய்த்து, அலசி, முழு நேரம் ஊறவைத்த பிறகுதான் போட வேண்டும். தினசரி லென்ஸ் என்றால் குப்பையில். வாயில் வைத்து ஈரமாக்கிப் போடும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். வாயில் உள்ள கிருமிகள் கண்ணுக்கு அந்நியம்.

புதிதாகப் போடுபவர்களை வாட்டும் பயம் ஒன்று: லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்று. போகாது. இமைக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தோல் மடிந்து வழியை அடைத்திருக்கிறது. லென்ஸ் காணாமல் போனால் மேல் இமைக்கு அடியில் மடிந்து கிடக்கும். ஈரப்பதச் சொட்டு விட்டு, கண்ணை மூடி இமையை மெல்ல நீவி, பத்து நிமிடம் பொறுங்கள். ஒட்டிக்கொண்ட லென்ஸுக்கும் இதே வழி. உலர்ந்த லென்ஸைப் பிய்த்து இழுக்காதீர்கள்.

தூக்கமும் பஸ்ஸும்

லென்ஸோடு தூங்கினால் கருவிழியில் தொற்று வரும் ஆபத்து ஆறு முதல் எட்டு மடங்கு கூடும். கண் மூடியிருக்கும்போது கருவிழிக்குக் காற்று குறைவு. மேலே லென்ஸும் இருந்தால் இன்னும் குறைவு. குட்டித் தூக்கமும் கணக்கில் சேரும்.

சி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியவர் தூங்காமல் வர மாட்டார். அதனால் சி ஷிப்ட் வாரத்தில் கண்ணாடி போடுங்கள் என்பதுதான் என் தீர்மானமான யோசனை. அது முடியாத வேலை என்றால், தினசரி லென்ஸ் போட்டுப் போய், ஷிப்ட் முடிந்து கை கழுவி உலர்த்தி, லென்ஸைக் கழற்றிக் குப்பையில் போட்டு, கண்ணாடியோடு பஸ் ஏறுங்கள். 12 மணி நேர ஷிப்டும் போகவர இரண்டு மணி நேரமும் சேர்ந்தால் 14 மணி நேரம். உங்கள் கண் மருத்துவர் லென்ஸ் போடச் சொன்ன நேரம் அதற்குக் குறைவாகவே இருக்கும். ஓவர்டைம் கேட்கும் முன் இதையும் யோசியுங்கள்.

வேலை இடத்தில்

லென்ஸ் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. கிரைண்டிங், கிரானைட் பாலிஷ், சால்டரிங், ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைக்கும் வேலை எதுவானாலும் மேலே கம்பெனி கொடுத்த கண்ணாடி இருக்க வேண்டும். உங்கள் பிரிவில் லென்ஸ் போட அனுமதி உண்டா என்று சேஃப்டி அதிகாரியிடம் முதலிலேயே கேளுங்கள். நீங்கள் லென்ஸ் போடுவது சூப்பர்வைசருக்கும் முதலுதவி அறைக்கும் தெரிந்திருக்கட்டும்.

வெல்டிங் வெளிச்சத்தில் லென்ஸ் உருகிக் கருவிழியோடு ஒட்டிவிடும் என்பது பல நாடுகளில் சுற்றிய வதந்தி. உண்மை இல்லை. ஆனால் வெல்டிங் கதிர் கருவிழியைச் சுடும். லென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுடும். வெல்டிங் முகக்கவசம் கட்டாயம்.

ரசாயனம் கண்ணில் தெறித்தால்:

1. அந்த நொடியே கண் கழுவும் குழாய்க்கு ஓடுங்கள். தண்ணீர் விதி செல்லாத இடம் இது ஒன்றுதான்.
2. லென்ஸைக் கழற்றுவதற்காகக் கழுவுவதைத் தாமதிக்காதீர்கள். கழுவத் தொடங்குங்கள், கழுவிக்கொண்டே முடிந்தவரை சீக்கிரம் லென்ஸை எடுங்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது.
3. இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் காட்டுங்கள்.
4. ரசாயனத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.
5. அந்த லென்ஸை மறுபடி போடாதீர்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் பைக் ஓட்டும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். தூசி விழுந்தால் தேய்க்காமல் ஓரம் கட்டுங்கள். சோப்புப் போட்டுக் கழுவ வசதி உள்ள இடம் வந்ததும் லென்ஸை எடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு மாறுங்கள்.

வீட்டில், ஊரில்

குளிக்கும் முன் லென்ஸைக் கழற்றுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் இது இன்னும் முக்கியம். எண்ணெயும் சீயக்காயும் லென்ஸில் ஏறினால் பிறகு எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போய் இறங்கினாலும், பெங்களூரில் நீச்சல் குளத்துக்குப் போனாலும் லென்ஸ் வேண்டாம்.

பச்சை மிளகாய் நறுக்கிய கையின் காரம் ஒரு முறை சோப்புப் போட்டால் போகாது. சமைக்கும் முறை உங்களுடையது என்றால் லென்ஸைப் போட்டுவிட்டுப் பிறகு அடுப்படிக்குப் போங்கள். ராத்திரி கழற்றும் முன் கையில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண் மை, பவுடர் எல்லாம் லென்ஸ் போட்ட பிறகு. கலைப்பது லென்ஸைக் கழற்றிய பிறகு. இமையின் உள்விளிம்பில் மை தீட்ட வேண்டாம்.

கல்யாணத்துக்கென்று ஒரு நாள் மட்டும் போடும் கலர் லென்ஸுக்கும் இந்த அத்தியாயத்தின் எல்லா விதியும் பொருந்தும். பவர் இல்லாவிட்டாலும் கண்ணை அளந்துதான் வாங்க வேண்டும். பார்லரில் ஏற்கெனவே ஒருவர் போட்ட லென்ஸையும், தோழி கழற்றிக் கொடுத்த லென்ஸையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அலங்காரம் செய்பவர் எத்தனை முறை "கழுவிட்டேன்" என்றாலும் சரி.

வேறு வகைகள்

ஹைட்ரஜன் பெராக்சைடு சொல்யூஷன் நன்றாகச் சுத்தம் செய்யும். ஆனால் அதில் 3 சதவீதப் பெராக்சைடு இருக்கிறது; நேராகக் கண்ணில் பட்டால் சுட்டுவிடும். அதனோடு வரும் தனி டப்பாவில்தான் ஊற்ற வேண்டும்; அதன் அடியிலுள்ள வில்லைதான் பெராக்சைடைச் சாதாரண உப்புநீராக மாற்றுகிறது. குறைந்தது 6 மணி நேரம் ஆகும். அறையில் இன்னொருவருக்கு மல்டிபர்பஸ் சொல்யூஷன் இருந்தால் புட்டி மாறிவிடும் அபாயம் உண்டு. பகிர்ந்து தங்கும் அறையில் பெராக்சைடு வேண்டாம் என்பேன்.

கெரட்டோகோனஸ் (கருவிழி கூம்பு போலப் பிதுங்கும் நோய்) உள்ளவர்கள் போடும் கடின லென்ஸுக்கும் ஸ்கிளீரல் லென்ஸுக்கும் வேறு சொல்யூஷன், வேறு முறை. அதை உங்கள் லென்ஸ் மருத்துவமனையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடின லென்ஸைக் குழாயில் அலசலாம் என்று பழைய காலத்தில் சொன்னதுண்டு. இப்போது அதுவும் கூடாது.

கண் சிவந்தால்

சிவப்பு, வலி, நீர் வடிதல், வெளிச்சம் பார்க்கக் கூசுதல், மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி. இவற்றில் ஒன்று இருந்தாலும்:

1. உடனே இரண்டு லென்ஸையும் கழற்றுங்கள்.
2. லென்ஸையும் டப்பாவையும் சொல்யூஷன் புட்டியையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அவை உதவும். கழுவிவிடாதீர்கள்.
3. கண்ணைக் கட்டுப் போட்டு மூடாதீர்கள்.
4. கைவைத்தியம் வேண்டாம். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் லென்ஸ் போட்டுச் சிவந்த கண்ணில் படக் கூடாது.
5. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து அதைவிட ஆபத்து. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் நாள் சிவப்புக் குறையும், நோய் குணமாவது போலத் தெரியும். உள்ளே பூஞ்சையோ அமீபாவோ இருந்தால் அது தடையில்லாமல் பரவும்.

நம் பக்கத்தில் இதைக் கூடுதலாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு பெரிய காரணம். வயலில் நெல் தாளோ குச்சியோ கண்ணில் பட்டு வருவது அதிகம். ரோஜாத் தோட்டத்திலும் மாந்தோப்பிலும் வேலை செய்பவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு வேறு, அகாந்தமீபாவுக்கு வேறு. பூஞ்சைக்குள்ளேயே எந்த மருந்து நல்லது என்று அறிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. வாரிகோனசோலைவிட நாட்டமைசின் சிறந்தது, குறிப்பாக ஃபியூசேரியம் பூஞ்சைக்கு, என்று அதில் தெரிந்தது. மருத்துவர்களே இத்தனை பாடுபட்டுத் தேடும் விடையைக் கடைக்காரரால் கண்ணைப் பார்த்தே சொல்ல முடியாது. கருவிழியைச் சுரண்டி, நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குருபரப்பள்ளியில் இருப்பவர்களுக்குப் போலுப்பள்ளியிலுள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓசூர் அரசு மருத்துவமனை. மேல்சிகிச்சை தேவை என்றால் பெங்களூர் மின்டோ அரசுக் கண் மருத்துவமனைக்கோ சேலம், மதுரைப் பக்கமோ அவர்களே அனுப்புவார்கள். லென்ஸ் போடுபவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். "மெட்ராஸ் ஐ" என்று நினைத்து விட்டுவிட இடம் தராதீர்கள். லீவு கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், சிவந்த அன்றே போங்கள்.